காது கேட்காத அம்பயர்

எங்கள் வீட்டில் ஒரு வசதி இருந்தது. மாமா எதிரில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அம்மாவின் தம்பியான அவருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு வராது என்றில்லை. குரல் ஏறி இறங்கும், பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே நின்று, கையை ஆட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் புரியும் என்று அப்பா நம்பினார். அப்பா நம்பியதை நானும் நம்பினேன்.

ஆகவே பங்காளிச் சண்டையிலிருந்து பக்கத்து வீட்டுக் கதை வரை எல்லாமே மாமா முன்னிலையில்தான் அலசப்படும். நாட்றம்பள்ளியிலிருந்து அவருக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போனபோது, அப்பா அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "ஊமையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான், வுடு" என்றார். மாமா டீ கிளாசை அம்மாவிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.

மாமாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் டிரம் யார்டில் வேலை. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கான மர உருளைகள் பகலெல்லாம் கடகடவென்று சுற்றித் தோலைப் புரட்டும் இடம் அது. வேலை முடிந்து குளித்தால் அவருக்குத் தெரிந்த ஒரே உலகம் கிரிக்கெட். சர்ச் வாலிபர் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். தொண்டு செய்ய யாருக்கும் தடையில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவார். மாமாவுக்குக் கிடைத்த தொண்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் பந்து சாக்கடையில் விழுந்தால் எடுப்பதும்தான். அவர் வருஷா வருஷம் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: ஒரு ஆட்டத்துக்காவது நான் அம்பயராக நிற்கிறேன். அப்பா அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அம்மாவிடம், "பேட்ல பட்ற சத்தம் கேக்காதவன் இன்னாத்த அவுட்டு குடுப்பான்?" என்பார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் சங்கத்துக்கும் பஜார் பக்கத்து டீமுக்கும் மேட்ச் நடக்கும். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குப் பிரியாணி போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அந்த மேட்சுக்கு அம்பயரே அகப்படவில்லை. அதற்கு முந்தைய வருஷம் நின்ற டிரில் மாஸ்டரின் சட்டையைக் கிழித்து அனுப்பியிருந்தார்கள். அவர் இந்தத் தடவை பண்டிகை முடிந்த கையோடு ஆலங்காயத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஆளை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் ஆளை நாங்கள். கடைசியில் அந்த டீம் கேப்டன் பாய், அவரும் மாமாவுடன் டிரம் யார்டில் வேலை செய்பவர், "உங்க மச்சானே நிக்கட்டும் சார். எங்களுக்கு ஓகே" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே, "சத்தம் கேக்காதுதான். இவங்க பத்து பேரு கத்துறதும் கேக்காது இல்ல? அது போதாதா?" என்றாள். அப்பா மாமாவின் எதிரில் நின்று, ஒரு தப்பு நடந்தாலும் இனி மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்று இரண்டு கைகளையும் வீசிப் புரியவைத்தார். மாமா பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் வெள்ளைச் சட்டை கசங்காமல் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிக் காட்டினார்.

மேட்ச் அன்று நான் காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தேன். மாமா ஸ்டம்புக்குப் பின்னால் கம்பம் மாதிரி நின்றார். அவுட் கேட்டு ஆளுக்கு ஆள் குதித்தார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். மாமா நிதானமாக எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகுதான் விரலைத் தூக்குவார், அல்லது தலையை ஆட்டுவார். கத்திப் பயனில்லை என்று மத்தியானத்துக்குள் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டன. மைதானமே ஜெப வீடு போலாகிவிட்டது என்று அம்மா பிறகு கேலி செய்தாள்.

கடைசி ஓவர். அவர்களிடம் ஒரே விக்கெட் மிச்சம். ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். எங்கள் பௌலர் போட்ட பந்து மட்டையை உரசினாற்போலப் போய் கீப்பர் கையில் உட்கார்ந்தது. கீப்பரும் பக்கத்தில் நின்றவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி மொத்த சங்கமும் ஆகாயத்துக்குக் குதித்தது. செயலாளர் என்பதை மறந்து அப்பாவும் குதித்தார். மாமா தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அடுத்த பந்து பவுண்டரி. நாங்கள் தோற்றோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா மாமாவைப் பார்க்காமலே பக்கத்திலிருந்தவர்களிடம், "செவுட்டுப் பயல நிக்க வெச்சா இதான் கதி. சோறு போட்டு வளத்ததுக்கு நல்லா செஞ்சான்" என்றார். மாமா ஸ்டம்புகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

தோற்றாலும் பிரியாணி பிரியாணிதான். மரத்தடியில் இரண்டு டீமும் கலந்து உட்கார்ந்தார்கள். நான் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில். எதிர்ப் பந்தியில் இருந்த கேப்டன் பாய், சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா எழுந்து நடித்துக் காட்டினார். முதலில் கீப்பர் மாதிரி குனிந்து, கண்ணை உருட்டி, உதட்டை அசைத்தார். பிறகு பக்கத்தில் நின்றவன் மாதிரி. கேப்டன் பாய் அதற்குக் குரல் கொடுத்தார்.

"பட்டுச்சாடா?"

"இல்ல. நீ கத்து."

பந்தியே வெடித்துச் சிரித்தது. கீப்பர் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனான். எல்லோரிலும் உரக்கச் சிரித்தவர் அப்பாதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோ தூரத்துலர்ந்து இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"இன்னா சார், ஒரே வூட்ல இருக்கீங்க, தெரியாதா? டிரம் ஓட்றப்போ எங்க யாருக்கும் காது கேக்காது. வாயப் பாத்துதான் பேச்சு. எங்க எல்லாருக்கும் இவருதான் உஸ்தாத். ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு பேசினாகூட இவரு புடிச்சிடுவாரு."

அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. மாமாவைப் பார்த்தார். மாமா தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து போனார். ஆம்பூரில் பிரியாணியைப் பாதியில் விட்டு எழுந்த மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் பங்குக் கறித்துண்டையும் நானே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியும். அவன்தான் சொல்லாதக்கான்னு சொன்னான்" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சங்கக் கூட்டம். அப்பா எழுந்து நின்று, தான் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த செயலாளர் பதவிக்கு மாமாவின் பெயரைச் சொன்னார். கையை ஆட்டவில்லை, நிறுத்தி நிறுத்தியும் பேசவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்து, "நீங்க ஒத்துக்கினா எனக்கு சந்தோஷம்" என்றார். அப்பா அவரை நீங்க என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா எழுந்து சட்டையின் கசங்கலை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு சரி என்று தலையசைத்தார்.

அம்பயர் வேலையை நன்றாகச் செய்ததற்குக் கொடுத்த பரிசு அது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.