சோற்றுக்கு இருபது நிமிஷம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தைத் தறிதான் முடிவு செய்தது. குறுக்கே ஓடும் நூலைச் சுற்றிய குச்சியைத் தார் என்போம். அது தீர்ந்தால் தறி நின்றுவிடும். உடனே வேறு தார் போட்டு ஓட்டிவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு நான்கு விசைத்தறி ஓட்டினார்கள். தறிக்கூடத்து மூலையில் தூக்குப்போசியைத் திறந்தால், ஏதாவது ஒரு தறி நிற்பதற்குள் அம்மா சாப்பிட்டு முடித்துவிடும். கலியாணப் பந்தியில்கூட, ரசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்திரிக்க வழியில்லாமல் தவிக்கும்.

உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. "ஏனுங்கண்ணி, எங்கண்ணன் பங்கையும் நீங்களே தின்னுபுடறீங்களா?" என்று சின்ன அத்தை கேட்க, அம்மாவும் சேர்ந்து சிரித்தது. அப்புறம் முட்டிவலி வந்தது. அஸ்தம்பட்டி டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, எடை குறையாவிட்டால் தறி வேலையையே விட வேண்டியிருக்கும் என்றார். வயிறு நிறைந்த சேதி தலைக்குப் போய்ச் சேர நேரமாகுமாம். அதற்குள் அம்மா இன்னொரு பங்கு தின்றுவிடுகிறதாம். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷமாவது உட்காருங்கள், மென்று தின்னுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எட்டுத் தறியையும் தானே பார்த்துக்கொள்வதாக அப்பா சொல்லி, மத்தியானம் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார். பரீட்சை லீவில் இருந்த எனக்குக் கடிகாரம் பார்க்கும் வேலை.

முதல் நாள் அம்மா மென்று பார்த்தது. ரெண்டு வாய்க்கு மேல் நடக்கவில்லை, தொண்டை தானாக இழுத்துக்கொண்டது. அஞ்சு நிமிஷத்தில் தட்டு காலி. ஆனால் எழுந்திரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கை காயக் காய உட்கார்ந்திருந்தது.

"முடிஞ்சுதுல்லம்மா?"

"டாக்டரம்மா இருவது நிமிசம் சொல்லியிருக்குதே, சாமி."

தினமும் இதே கதைதான். உட்கார்ந்து முடிக்கும்போது மறுசோறு கேட்கிற பசியும் போயிருக்கும். அடுத்த தடவை போனபோது எடை கொஞ்சம் இறங்கியிருந்தது. நன்றாக மென்று சாப்பிடுகிறீர்கள் போல என்று டாக்டரம்மா பாராட்ட, அம்மா தலையாட்டியது.

அந்தப் பாராட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் அம்மா தட்டைக் காலி செய்ததும் தறிக்கூடத்துக்கு ஓடினேன். பனியன் நனைந்து ஒட்ட, அப்பா தறிக்குத் தறி ஓடிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் அவர் காதுக்குள் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுபோன ஒரு தறியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வந்தார்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அம்மா கண்ணை மூடியிருந்தது. மடியில் இருந்த தட்டில் ஒரு பருக்கை இல்லை. இன்றைக்கு நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"அம்மா இன்னும் சாப்புட்டு முடிக்கல, கண்ணு. நீ சத்தம் போடாம இரு" என்று மெல்லச் சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் போனார்.

காலித் தட்டு கண்ணுக்கு நேராக இருந்தும் அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.