என் பொண்டாட்டியை ஆட்டோவுல இருந்து எறக்கினவன்

பேய், ஆவி, கண்ணுக்குத் தெரியாத சக்தின்னு எவனாவது என் கடையில உக்காந்து பேச ஆரம்பிச்சா, எழுந்து வெளிய போய்ப் பேசுப்பான்னு சொல்ற ஆளு நான். மூணாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவன், சாயப் பட்டறையில பட்டு நூலைக் கொதிக்கிற தண்ணியில முக்கி முக்கிக் கைத்தோல் உரிஞ்சவன், இன்னிக்குப் பெரிய காஞ்சிபுரத்துல சொந்தக் கடை, சொந்தத் தறி. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, கொஞ்சம் இங்கிலீஷுன்னு எந்த பாஷைக்காரி வந்தாலும் பொடவை வித்து அனுப்புவேன். இதெல்லாம் எந்த ஆவியும் வந்து செஞ்சு குடுக்கல. நான் செஞ்சது. அதனால இதைப் படிச்சிட்டுப் பெருசுக்கு வயசாயிடுச்சுன்னு சிரிக்கிறவன் சிரிச்சிக்கலாம். என் மவனே சிரிச்சான். அவனுக்கு நான் குடுத்த பதிலை இங்க எழுத முடியாது.

எழுதறதுக்குக் காரணம் கோவம்தான். வெளிநாடு போற நம்ம ஜனம் அந்தத் திருட்டுப் பசங்க கையில மாட்டக்கூடாதுன்னு ஒரு கோவம். எனக்கு நடந்ததுக்கு இன்னிவரைக்கும் ஒருத்தனும் ஒழுங்கா ஒரு பதில் சொல்லலையேன்னு இன்னொரு கோவம்.

என் தறிக்கு ஜரிகை சப்ளை பண்ற வியாபாரி, நல்லா வாங்கற கடைக்காரங்களை ஜோடியா பாங்காக் கூட்டிக்கினு போனான். என் வீட்டுக்காரி சரோஜா திருப்பதியைத் தாண்டினதில்ல. முட்டி வலி வேற. வரமாட்டேன்னு அடம் புடிச்சவளை நான்தான் இழுத்துக்கினு போனேன். அங்க எங்களுக்கு வழிகாட்ட ஒரு பொண்ணு, மலேசியாத் தமிழ். பஸ்ஸுல ஏறினதுமே மைக்கைப் புடிச்சிக்கினு, தெருவில தானா வந்து பேசறவன்கிட்ட நிக்காதீங்க, பாஸ்போர்ட்டை ரூம் லாக்கர்ல வைங்கன்னு பாடம் எடுத்தது.

"பாப்பா, நான் பொடவை வியாபாரி. ஏமாத்தறவன் தூரத்துல வரும்போதே மூஞ்சியைப் பார்த்து சொல்லிடுவேன்"ன்னேன். பஸ்ஸே சிரிச்சுது.

"அப்படின்னா சரிங்கய்யா, எனக்கு வேலை மிச்சம்" அப்படின்னு அந்தப் பொண்ணும் சிரிச்சுது.

லாக்கர்ல வெக்கல. எவனோ நம்பர் போட்டு வெச்சிருக்கிற பொட்டியை எப்படி நம்பறது. ரெண்டு பாஸ்போர்ட்டையும் சரோஜா கைப்பையில போட்டேன். பொம்பளை பையில எவன் கை வெப்பான்னு என் கணக்கு.

மறுநாள் அவங்கவங்க இஷ்டத்துக்குச் சுத்தற நாளு. மத்தவங்க கடைத்தெருவுக்குப் போனாங்க. நான் சரோஜாவைக் கூட்டிக்கினு டாக்ஸி புடிச்சு அந்த ஊர்ல பெரிய புத்தர் கோயிலுக்குப் போனேன். போய்ச் சேரும்போது உச்சி வெயில். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒருத்தன் நின்னுக்கினு இருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்துல அட்டை, பார்த்தா கோயில் ஆபீசர் மாதிரி. கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம், சென்னை?"ன்னான். கோயில் இப்ப குளோஸ், சாமியாருங்க பூஜை பண்றாங்க, சாயந்திரம்தான் தெறப்பாங்கன்னு இங்கிலீஷுல சொன்னான்.

இங்கதான் நான் மாட்டினேன். வேற ஊருக்காரன் எவனா இருந்தாலும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். நான் காஞ்சிபுரத்துக்காரன். எங்க ஊர்ல மத்தியானம் ஆனா காமாட்சியம்மன் கோயில்ல இருந்து சின்ன காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் வரைக்கும் எல்லாம் நடை சாத்திடுவாங்க. வெளியூர்ல இருந்து கார்ல வந்து மூடின கதவைப் பார்த்து முழிக்கிறவங்களை என் கடையில உக்கார வெச்சு, சாயந்திரம் தெறப்பாங்க, அதுவரைக்கும் பொடவை பாருங்கன்னு எத்தனை வருஷமா நானே சொல்லிக்கினு இருக்கிறேன். அதே பேச்சை அவன் என்கிட்ட சொன்னான். கரெக்டாத்தான் சொல்றான், மத்தியானம் எந்தக் கோயில் தெறந்திருக்கும்னு நான் சரோஜாவுக்கு வெளக்கம் வேற குடுத்தேன். அந்தக் கோயில் நாள் பூரா தெறந்திருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நெனச்சா இப்பவும் பல்லைக் கடிக்கிறேன்.

அதுக்குள்ள அவன் கையைத் தட்டி ஒரு மூணு சக்கர வண்டியைக் கூப்பிட்டான். சாயந்திரம் வரைக்கும் சின்னக் கோயில் ஒண்ணு பார்க்கலாம், அப்படியே கவர்மென்ட் பட்டுக் கடை, இன்னிக்கு மட்டும் பாதி வெலைன்னான். பட்டுன்னு சொன்னதும் எனக்குக் காது நீண்டுடுச்சு. ஏறி உக்காந்தோம்.

சின்னக் கோயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. வண்டிக்காரன் நேரா கடை வாசல்ல நிறுத்தினான். சரோஜா, "எனக்குக் காலு நோவுது, நீங்க பார்த்துட்டு வாங்க, நான் வண்டியிலயே உக்காந்திருக்கிறேன்"ன்னா. சரின்னு விட்டுட்டு உள்ள போனேன். பை அவ மடியில.

உள்ள போனா ஒரே ஏசி, டீ, சிரிப்பு. ஒருத்தி ஒரு துணியை எடுத்து விரிச்சா. ரெண்டு விரல்ல நிமிண்டிப் பார்த்தேன். அவ்ளோதான், எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. பாலியஸ்டரு. யாருகிட்ட விக்கறான் பாருங்க. ஓரத்துல ஒரு நூலை உருவி, மேனேஜர்கிட்ட இருந்த லைட்டரைப் புடுங்கி அவன் மூஞ்சிக்கு நேரா கொளுத்தினேன். பட்டா இருந்தா மசுரு கருகற நாத்தம் வரணும், பொடியாகணும். இது உருகி உருண்டையா நின்னுச்சு. அதை அவன் மேஜை மேல வெச்சு, இதுவாடா கவர்மென்ட் பட்டுன்னு எனக்குத் தெரிஞ்ச அத்தனை பாஷையிலயும் கத்தினேன். அவன் சிரிச்சிக்கினே இன்னொரு டீ சொன்னான். நானும் விடல. கடையில இருந்த வெள்ளைக்காரங்களைக் கூப்பிட்டு உருண்டையைக் காட்டினேன். ரெண்டு பேரு வாங்காம எழுந்து போனாங்க. காலரைத் தூக்கி விட்டுக்கினு வெளிய வந்தேன்.

வண்டி இல்ல. சரோஜா இல்ல.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா உங்களுக்குப் புரியாது. அவளுக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. போன் இல்ல. ஹோட்டல் பேரு தெரியாது. பாஸ்போர்ட் போனா போவுது சனியன், அவ எங்க. கடைக்காரனைச் சட்டையைப் புடிச்சேன், வண்டியை எனக்குத் தெரியாதுன்னு கையை விரிச்சான். வந்த வழியிலயே ஓடினேன். சரோஜா சரோஜான்னு கத்திக்கினு ஓடினேன். கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து அவளை 'இந்தாமே'ன்னுதான் கூப்பிட்டிருக்கேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே அன்னிக்குத்தான். எத்தனை சந்து பூந்தேன்னு தெரியல.

ஒரு கால்வாய். கரையில ஒரு மரம், அதுக்குக் கீழ சிமென்ட் பெஞ்சு. அதுல சரோஜா உக்காந்து, உப்பு மொளகாத்தூள் போட்ட கொய்யாத் துண்டைக் குச்சியில குத்தி நிதானமாத் தின்னுக்கினு இருந்தா. பை மடியில. நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, என்னைப் பார்த்ததும் அவ கேட்டது இதுதான்.

"இன்னாங்க இப்படி வேர்த்துக்கினு வர்றீங்க. இப்பதான போனீங்க."

"நான் எங்கமே போனேன்?"

"வழி கேட்டுட்டு வரேன், எழுந்திரிக்காதன்னுட்டுப் போனீங்களே."

எனக்கு அறையணும் போல இருந்துச்சு, அழணும் போலவும் இருந்துச்சு. மெதுவா கேட்டேன். நான் கடைக்குள்ள போனதும் வண்டிக்காரன் வண்டியைக் கெளப்பிட்டானாம். இவ கத்தியிருக்கா, பையை இறுக்கிப் புடிச்சிருக்கா. ஒரு முனையில வண்டி மெதுவானப்போ நான் நடுரோட்டுல நின்னேனாம். வண்டிக்காரன் என்னைப் பார்த்துட்டு அப்படியே வெளுத்துப் போனானாம். நான் கிட்ட வந்து, ஒரு வார்த்தை அவனைத் திட்டாம, "சரோஜா, எறங்கு"ன்னு சொல்லிக் கையைப் புடிச்சு எறக்கினேனாம். அவன் திரும்பிப் பார்க்காம ஓடிட்டான். கையை விடாமலே நடத்திக்கினு வந்து இங்க உக்கார வெச்சு, கொய்யா வாங்கிக் குடுத்தேனாம்.

நான் திட்டாம இருப்பேனா. என்னைத் தெரிஞ்ச யாரையாவது கேளுங்க.

நான் போன் பண்ணதும் அந்த மலேசியாப் பொண்ணு டூரிஸ்ட் போலீஸைக் கூட்டிக்கினு வந்துச்சு. கடை கேமராவைப் போட்டுப் பார்த்தாங்க. வாசல்ல வண்டி கெளம்பிப் போறது தெரியுது. அதே நேரம் உள்ள நான் லைட்டரைப் புடிச்சிக்கினு ஆடறது தெரியுது. அதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் ஆடறேன். போலீஸ்காரன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வேற யாரோ நல்ல மனுசன்னு சொன்னான். என் மவனும் போன்ல அதையேதான் சொன்னான். "யாரோ தமிழ்க்காரர்பா. அம்மா பயத்துல நீங்கன்னு நெனச்சிருப்பாங்க. உங்களுக்கு பிபி ஏறும், விடுங்க."

நானும் விட்டிருப்பேன். அன்னிக்கு ரூம்ல வந்து படுத்ததும் சரோஜா என் பக்கம் திரும்பி, "இத்தினி வருஷம் ஏங்க சொல்லல?"ன்னு கேட்டா.

எங்களுக்கு மொதல்ல ஒரு பொண்ணு பொறந்து, பேரு வெக்கிறதுக்குள்ள போயிடுச்சு. அன்னிக்கு நான் வீட்டுல அழல. பட்டறைக்குப் போயிட்டு வந்தேன். கண்ணு செவந்திருந்துச்சு, சாயம் பட்டுடுச்சுன்னு சொன்னேன். கல்லு மாதிரி இருந்தான்னு அவ அம்மா வீட்டுல சாகறவரைக்கும் பேசினாங்க. சரோஜாவும் மனசுல அதைத்தான் வெச்சிருந்தா. நான் நூல் காய வெக்கிற கொட்டாய்க்குப் பின்னால, ஈர நூலை மூஞ்சியில பொத்திக்கினு சத்தம் வராம அழுதது எனக்குத்தான் தெரியும். அங்க ஒரு நாய் கூட இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்ற ஆளும் இல்ல நான்.

அதை, அவளை வண்டியில இருந்து எறக்கினவன் அந்த பெஞ்சுல உக்காந்து அவகிட்ட சொல்லியிருக்கான். நூலு என்ன கலருன்னு கூட சொல்லியிருக்கான்.

யாருடா நீ, என் மூஞ்சியை மாட்டிக்கினு வந்து என் பொண்டாட்டி கையைப் புடிச்சவன். அவளைக் காப்பாத்தினே, சரி, ஒரு கும்பிடு. என் அழுகையை எடுத்துக் குடுக்கறதுக்கு உனக்கு யாரு உரிமை குடுத்தா. சரோஜாகிட்ட அது நான் இல்லமேன்னு சொல்லிட்டேன், கத்தியும் சொல்லிட்டேன். வெக்கப்பட்டுக்கினு பொய் சொல்றீங்கன்னு சிரிக்கிறா. ஊருக்கு வந்ததுல இருந்து அவ என்கிட்ட ரொம்பப் பிரியமா இருக்குறா. அதுவே எனக்கு எரியுது. அந்தப் பிரியம் எனக்கு வந்ததா, அவனுக்கு வந்ததா.

அவன் அந்த ஊர்லயே நின்னுட்டான்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.

போன வாரம் கடையில இருந்து வீட்டுக்குப் போன் பண்ணேன், சோத்துக்கு வர நேரமாகும்னு சொல்ல. எடுத்தவ, "அதான் இப்ப சொன்னீங்களே, மறுபடியும் என்ன"ன்னா.

"எப்பமே போன் பண்ணேன்?"

"போன்ல யாரு சொன்னா. நேர்ல வந்துதான சொல்லிட்டுப் போனீங்க."

கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வண்டியை எடுத்துக்கினு பறந்தேன். வீட்டுல அவ மட்டும் பாட்டு கேட்டுக்கினு கீரை ஆய்ஞ்சிக்கினு இருந்தா. அவ பக்கத்துல கீழ ரெண்டு காபி டம்ளர், ரெண்டும் காலி. எனக்குன்னு வெச்சதைக் கையில எடுத்துப் பார்த்தேன். சூடு ஆறல.