குச்சியக்கா அளந்த தெரு

வாசற்படி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "போன தடவை தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? கையை வெச்சுக் காட்டுங்க" என்கிறார் குச்சியக்கா. வீட்டுக்காரம்மா சுவரில் கையை வைத்ததும் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை நுழைத்து, அதற்கும் மேலே வந்தது என்று அடித்துச் சொல்கிறார். அவர் வீட்டுச் சுவரிலும் கோடு போடலாம், கொஞ்சம் பொறுக்கட்டும் என்று அடக்கிவிடுகிறார் அக்கா.

கடல் ஏறினால் எந்தக் கரை முதலில் முழுகும் என்று கணக்கெடுக்கும் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நில அளவையர். நாலு மீட்டர் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அலைவதால் வந்த பெயர் குச்சியக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்த அன்றே, தலைமாடு அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று அளந்து சொல்லி, கணவரின் தூக்கத்தைக் கெடுத்த புண்ணியவதி!

போன மாதம் ஒரு கடலோரத் தெருவால் அவருக்கும் மேலதிகாரிக்கும் முட்டிக்கொண்டது. செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணினி போட்ட வரைபடத்தில் அந்தத் தெரு பச்சை. கடல் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் மேலே, ஆபத்தில்லை என்று அர்த்தம். பச்சைக்குத் தடுப்புச்சுவர் கிடையாது. நாற்பத்திரண்டு வீடும் அம்போ. வருடத்துக்கு இரண்டு தரம் அடுப்படிவரை கடல் வந்து போகிற தெரு ஐயா அது! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு போட்டுவிட்டு, பதினோரு நாள் வெயிலில் நாற்பத்திரண்டு வாசற்படியையும் அளந்தார்.

அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி, கணினி பொய் சொல்லாது என்று ஒரே பிடியாக நின்றார். தெருவை மூடி அடர்ந்து நிற்கும் மரங்களின் படத்தை அக்கா அவர் முன்னால் வைத்தார்.

"சார், மேலேயிருந்து அளந்தது மரத்தோட உச்சியை. ஜனங்க என்ன, மரத்து மேலயா குடியிருக்காங்க?"

சிரிக்காதவர் மேலதிகாரி ஒருவர்தான். ஆனால் நல்ல மனிதர். மறுநாள் காலையிலேயே தெருவுக்கு வந்து, மட்டக்கருவியில் தானே கண்ணை வைத்துப் பார்த்தார். கடல் மட்டத்துக்கு மேலே வெறும் எண்பது சென்டிமீட்டர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே எண்பது.

"தப்பு எங்களோடதும்மா," என்றார். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, வரைபடத்தில் தெருவைச் சிவப்பாக்கி, தடுப்புச்சுவர்ப் பட்டியலில் முதலாவதாக ஏற்றினார்.

தெருவே கைதட்டியது. உங்களுக்கு ஆபத்து என்று சொன்னதற்கு இப்படிக் குதித்த ஜனத்தை வேறெங்கே பார்க்க முடியும்?

கடல் புகுந்து போனதும் மூன்று தடவை வீட்டைக் கழுவி விட்டவள் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இடுப்பளவில் கையை வைத்து, "சுவரு இவ்வளவு உசரமாவது வருமாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து, அவள் தலைக்கு மேலே, எட்டுகிற மட்டும் உயர்த்திக் காட்டினார்.