அம்மா உட்கார்ந்த நேரம்

முதலில் வருவது வாடைதான். ஈரச் சாக்கும் பச்சைக் கொழுந்தும் கலந்த அந்த வாடை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அம்மா படியேறுகிறாள் என்று அர்த்தம். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஒற்றை அறைக் கட்டடம் அது. ‘புள்ளக்காம்பரா’ என்போம். தம்பி கணேசன் அங்கே தொட்டிலில் கிடந்தான். பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கப்படாத நான், அவனுக்குத் துணை என்ற பெயரில் அங்கேயே கிடந்தேன்.

எங்கள் அம்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, ஆளெடுக்கிற ‘பெரட்டு’க்களத்துக்கு ஓடி, மலையில் நின்றபடியே கொழுந்தெடுத்து, வரிசையில் நின்று நிறுத்துக் கொட்டி, விறகும் சுமந்துகொண்டு லயத்து வீட்டுக்கு வந்தால், எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடியே தன் பங்கை விழுங்குவாள். சரி, கோயிலிலாவது உட்காருவாளா என்றால், அங்கேயும் பொங்கல் பானைக்கு விறகு தள்ளுவதற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்கைத் துடைப்பதற்கும்தான் அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். சாமியே பார்த்து ‘போதும், உக்காரு’ என்று சொல்லியிருந்தாலும் ‘இந்தா வந்துட்டேன்’ என்று நகர்ந்திருப்பாள்.

ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலைத் தேத்தண்ணி நேரத்தில், பால் குடிக்கிற பிள்ளை உள்ளவர்கள் மட்டும் கூடையை மலையிலேயே வைத்துவிட்டுப் புள்ளக்காம்பராவுக்கு இறங்கி வரலாம். அம்மா வந்ததும் பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கில் அட்டை கடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, இடுப்பிலிருந்த சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த பலகையில் கால்நீட்டி உட்காருவாள். தம்பி மடிக்கு வந்துவிடுவான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அம்மா எங்கள் யாருடைய அம்மாவும் இல்லை. கொழுந்துக் கறை ஏறிய கைகள் தம்பியின் முதுகில் அசையாமல் கிடக்கும்; வாசலுக்கு வெளியே பனிமூட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடி, ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் கேட்காமல், மூச்சு விடுவது மட்டுமே தன் வேலை என்பதுபோல இருப்பாள். நான் ஏதாவது கோள் சொல்ல வாயெடுத்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ராக்காயி ஆயம்மா என் தலையில் ஒரு குட்டு வைப்பார்.

“அவ உக்காந்திருக்கால்ல, செத்த சும்மா கெடயேன்டி!”

நாள் முழுக்க ஓயாத வாய் ஆயம்மாவுடையது. அது மூடிக்கொள்வதும் அந்த நேரத்தில் மட்டும்தான்.

வந்தது வினை, தம்பி வளர்ந்துவிட்டான். நடக்கத் தொடங்கினான், வாய் நிறையப் பல் முளைத்தது, ஒருநாள் பாலே வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நியாயப்படி அம்மா அன்றோடு நின்றிருக்க வேண்டும். அவளோ மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஆயம்மா கண்டுகொள்ளாததுபோல ஒரு துண்டு ரொட்டியைத் தம்பியின் கையில் திணித்து, அவனை மடியில் பிடித்து உட்கார வைத்தார். ரொட்டி தீரும் வரைக்கும் அவன் இருப்பான், அவன் இருக்கும் வரைக்கும் அம்மாவும் இருப்பாள்.

அப்படியொரு காலையில் கணக்கப்பிள்ளை ஐயா தொப்பியும் பிரம்புமாக வாசலில் வந்து நின்றார். மலையில் ஆள் குறைந்தால் தேடி வருவது அவர் வேலை. நாங்களெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். தம்பி மட்டும் மடியை விட்டு வழுக்கி இறங்கி, தத்தித் தத்திப் போய், எச்சில் ரொட்டியை அவர் முழங்காலுக்கு நேரே நீட்டினான்.

“பால்குடிப் புள்ளன்னு சொன்னீங்க, ரொட்டி திங்கிறானே?”

“பல்லு மொளைக்குதுங்கய்யா, தெனவெடுக்குதேன்னு கடிக்கக் குடுத்தேனுங்க,” என்றார் ஆயம்மா, கண் இமைக்காமல்.

பாவி, அந்த நேரம் பார்த்துத் தம்பி ஈயென்று இளித்தான். மேலும் கீழுமாக அத்தனை பல்லும் வரிசையாகத் தெரிந்தன. மற்றத் தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்குக்கூட மீசை துடித்தது. ஆனாலும் சட்டத்தை விடவில்லை.

“மீனாச்சி, நாளையிலேருந்து மலையிலேயே தேத்தண்ணி குடி. கீழ எறங்கினா அரைப்பேருதான்.”

அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். அம்மா கெஞ்சுவாள், அல்லது சாக்கை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, இவ்வளவுதான் கேட்டாள்:

“இன்னிக்கு மட்டும் உக்காந்துட்டுப் போறேனுங்க.”

கணக்கப்பிள்ளை குனிந்து தம்பியைத் தூக்கிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தேயிலையைப் பார்த்து நின்றார். அம்மா உட்கார்ந்தாள். கையிலிருந்த ரொட்டி தீர்ந்துபோன பிறகும் தம்பி இறங்கவில்லை, அப்படியே தூங்கிப்போனான். அன்று அவரும் கூப்பிடவில்லை.

மறுநாள் அந்த நேரத்துக்கு வாடை வரவில்லை. நான் அழுதேன். ஆயம்மா குட்டவில்லை.

பிறகு காலம் ஓடியது. நான் ஆசிரியையாகி ஹட்டன் டவுனில் வீடெடுத்தேன், தம்பி பஸ் ஓட்டினான், அம்மா வேலையிலிருந்து நின்று என்னோடு வந்துவிட்டாள். மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டேன். அதைத் துடைப்பாளே தவிர உட்காரமாட்டாள். ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. “இப்ப யாரும்மா வெரட்டுறா உங்கள? கொஞ்சம் உக்காரக் கூடாதா?” என்று கத்தினேன்.

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு, கூச்சத்தோடு சொன்னாள்: “மடியில ஒண்ணுமில்லாம எப்புடிம்மா உக்கார்றது?”

அவளைச் சுவரோரம் தரையில் கால்நீட்ட வைத்து, பாதி நரைத்த என் தலையை அந்த மடியில் போட்டுக்கொண்டேன். அவள் கை என் முதுகில் வந்து விழுந்து, அசையாமல் கிடந்தது.

அம்மா போய்விட்டாள். அந்தப் புள்ளக்காம்பராவையும் இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். கலர் கலராகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், பலகை இல்லை. தம்பி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், பல்லெல்லாம் போய்விட்டது. தேத்தண்ணியில் ரொட்டியை ஊறவைத்து மெதுவாகத் தின்பான். அவன் தின்று முடிக்கும் வரைக்கும் நான் எந்த வேலைக்கும் எழுந்திருப்பதில்லை.