அக்கா தேடிக் கண்டுபிடித்த அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்காகக் கூடியிருக்கும் உங்கள் அனைவரையும் எங்கள் அம்மாவின் சார்பில் கைகூப்பி வரவேற்கிறேன். அக்காவைத் தொலைபேசி நிலையத்தில் அறிந்தவர்கள், பங்குக் கோயிலில் அறிந்தவர்கள், தெருவில் அறிந்தவர்கள் என உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஆனால் எட்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவர் எங்கே போய்வந்தார் என்பது எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லவேண்டும் என்று அம்மாவே கேட்டுக்கொண்டதால் எழுதி வாசிக்கிறேன்.

அக்கா பாலக்கரையில் பிறந்தார். அப்பா பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். பிள்ளைகள் நாங்கள் இருவர். அப்பா திடீரென மாரடைப்பில் காலமானபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அடக்கத்துக்குக் கடைக்காரர்கள் வந்தார்கள், தெருக்காரர்கள் வந்தார்கள், அம்மாவின் தம்பி ஒருவர் வந்தார். அப்பாவின் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மறு ஆண்டு அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். நான் கல்லூரி முடித்ததும், இன்று ஆசிரியராக இருப்பதும் அவர் காதில் மாட்டியிருந்த அந்தக் கருவியால்தான். வெளியூர் டிரங்க் கால் கிடைக்காமல் கோபத்தில் கத்துகிறவர்களிடமும், "கொஞ்சம் லைன்லேயே இருங்க, நான் பாக்குறேன்" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமை வீட்டிலும் அவரிடம் இருந்தது.

அவருக்கு இருபத்தொன்பது வயதில் ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணோட அப்பா வழியில யார் யார் இருக்காங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த இடம் அத்தோடு தட்டிப்போனது. அக்கா அதற்காக அழவில்லை. ஆனால் சில நாள் கழித்து என்னிடம் கேட்டார். "நமக்கு அப்பா பக்கம் யாருமே இல்லையாடா? மனுஷன் வானத்துலேருந்தா குதிச்சாரு?"

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் கோயில் அலுவலகத்துக்குப் போனார். அப்பா இந்துவாகப் பிறந்து, திருமணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர் என்பது எங்களுக்குத் தெரியும். எந்த ஆண்டு என்பது சரியாகத் தெரியாது. பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் மூன்று வாரம் தேடி, பழுப்பேறிய ஒரு புத்தகத்தில் அப்பாவின் திருமணப் பதிவைக் கண்டுபிடித்தார். லத்தீனில் எழுதியிருந்ததைப் பங்குச்சாமியார் படித்துச் சொன்னார். மணமகன் பிறந்த ஊர் திருவெள்ளறை. அதற்குப் பக்கத்தில், மனைவியை இழந்தவர் என்று ஒரு சொல். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். அது எங்கள் அம்மாவின் பெயர் அல்ல.

அன்று மதியம் அக்கா சாப்பிடாமல் அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, அப்பாவுக்கு மொதல்ல ஒரு கல்யாணம் ஆயிருந்துச்சா?"

அம்மா முந்தானையைப் பிசைந்தார். பிறகு, "ஆமா" என்றார். "அந்தம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. மூணு வயசுல ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. என்னைக் கட்டிக்கிட்டதும் புள்ளையை இங்க கூட்டியாரப் போனாரு. மதம் மாறிப் போனவன்கிட்ட எங்க பொண்ணு பெத்த புள்ளையத் தர மாட்டோம்னு அந்தம்மா வீட்டுல சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை போனாரு. புள்ளைகிட்ட நீ செத்துட்டேன்னு சொல்லியாச்சு, வந்து கொழப்பாதேன்னு அனுப்பிட்டாங்க. அது எந்த ஊருன்னுகூட நான் கேக்கல. கேக்கப் பயம்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நான் வந்ததாலதானே அந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லாமப் போனான். அதை எந்த வாயால உங்ககிட்ட சொல்றது?"

வீட்டின் மூத்த பிள்ளை என்று இருபத்தொன்பது வருடம் நினைத்திருந்தவர், தனக்கு மேல் ஒரு அக்கா இருக்கிறார் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்.

அக்கா தேடத் தொடங்கினார். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து துறையூர் பஸ்ஸில் ஏறித் திருவெள்ளறைக்குப் போவார். ஆரம்பத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வயலில் நின்றபடியே, "அவனை நாங்க தலைமுழுகி ரொம்ப நாளாச்சும்மா, நீங்க போங்க" என்று திருப்பி அனுப்பினார். அதற்குள் ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் பதவியை அரசாங்கம் எடுத்துவிட, ஊரின் பழைய பிறப்பு இறப்புக் கணக்கெல்லாம் மூட்டையாகத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு அங்கேயும் போனார். அவர் தேடிய வருடத்துப் புத்தகம் மட்டும் அகப்படவில்லை. மழைக்காலத்தில் போகமாட்டார், எனக்குத் திருமணம் நடந்த வருடம் போகவில்லை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன வருடமும் போகவில்லை. மற்றபடி விடவில்லை.

ஏழாவது வருடம், வயலில் நின்று திருப்பி அனுப்பிய அந்தப் பெரியவரின் மனைவி பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்து, "மணப்பாறைல போயி விசாரிம்மா. எங்க வீட்டுல நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். மணப்பாறை சின்ன ஊரில்லை. கையில் இருந்தது நாற்பது வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு பெண்ணின் பெயர் மட்டும். சந்தைக்கு வந்தவர்களிடம் கேட்டார், கடைகளில் கேட்டார். கடைசியில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையை நிறுத்தி, "அவளா? எங்க தெருப் பொண்ணுதான். அவ மக மாமன் வீட்டுல வளந்துச்சு. ஸ்ரீரங்கத்துல கட்டிக் குடுத்தாங்க. அம்மா மண்டபம் ரோட்டுல தையல் தைக்குதுன்னு கேள்வி" என்றார்.

ஸ்ரீரங்கம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் அக்கா ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

ஆனால் முகவரி கிடைத்த பிறகு அக்கா போகவில்லை. மூன்று வாரம் அதை எழுதிவைத்த துண்டுக் காகிதம் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் முதல் டிவி பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, கடல் கடந்து போன குடும்பத்தில் பிறந்த ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடி வருவதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி காட்டினார்கள். டீச்சர் எங்களையும் கூப்பிட்டார். கோட்டு போட்ட மனிதர் ஒரு அலுவலகத்துக்குள் போகிறார். அதிகாரி எழுந்து நின்று புத்தகத்தை எடுக்கிறார். திறந்த பக்கத்திலேயே பெயர் இருக்கிறது. அடுத்த காட்சியில் கார் ஊருக்குள் நுழைகிறது, மேளம் அடிக்கிறது, ஒரு கிழவி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாத்தீங்களா, சொந்த ரத்தம் எப்படி அடையாளம் தெரிஞ்சுக்குது!" என்றார். அம்மாவும் அழுதுவிட்டார். அக்கா மட்டும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். "அந்தக் கிழவிகிட்ட, இன்னார் வர்றாரு, இந்த இடத்துல நில்லுங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருப்பாங்கடா. நான் போற வீட்டுல யாரு சொல்லி வச்சிருக்காங்க? அதுவும் இல்லாம, அவர் தேடினது செத்துப்போனவரை. செத்தவங்களுக்குக் கோவம் வராது. நான் தேடறவங்க உயிரோட இருக்காங்களே."

"அப்ப போக வேண்டாமா?"

"அதைப் பாத்ததுக்கப்புறம் போகாம இருக்க முடியலையே" என்றார்.

மறுநாள் பூசை முடிந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கம் போனோம். பாலத்தில் பஸ் ஏறியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தையல் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு அம்மாள் வெளியே வந்தார். நெற்றியும் மூக்கும் அப்படியே அப்பாவுடையவை. அக்காதான் அப்பாவின் பெயரைச் சொல்லி, நாங்கள் யார் என்பதைச் சொன்னார்.

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். "அவரு இருக்காரா?"

"இல்லைங்க. தவறிப்போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு."

"செத்துட்டாருன்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க. கல்யாணத்தப்பதான் தெரிஞ்சுது, திருச்சியில வேற குடும்பத்தோட நல்லா இருக்காருன்னு. ஒரு ஆறு தாண்டி வர்றதுக்கு அவருக்கு வழி தெரியலையா? இப்ப அவரும் இல்ல. நீங்க எதுக்கு வந்தீங்க?"

அக்கா கையிலிருந்த துண்டுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உள்ள ஆள் காத்துக்கிட்டிருக்காங்க. போயிட்டு வாங்க" என்று அவர் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது நான் கோபமாக ஏதோ சொன்னேன். அக்கா என்னை நிறுத்தினார். "அவங்க கேட்டதுல ஒரு வார்த்தைகூட தப்பில்லடா. நாம அப்பாவோட சாப்பிட்டோம், அப்பா தோள்ல தூங்கினோம். அவங்களுக்கு என்ன கெடச்சுது?"

ஒரு மாதம் கழித்து அக்கா ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். தைக்க வந்திருப்பதாக மட்டும் சொன்னாராம். அந்த அம்மாள் வாய்திறக்காமல் அளவெடுத்து, நோட்டில் குறித்து, அடுத்த வாரம் வரச் சொன்னாராம். அடுத்த வாரம் போய் வாங்கி வந்தார். பிறகு இன்னொரு துணி. அக்காவிடம் அவ்வளவு ரவிக்கை ஒருநாளும் இருந்ததில்லை. நான்காவது முறை, தோளில் நாடாவை வைத்தபடியே அவர் கேட்டாராம், "அவரு என்னைப் பத்திப் பேசுவாரா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "பேசினதில்லைங்க" என்றார். "ஆனா கடையில யாராவது எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா, மூணுன்னு சொல்வாரு. ஒண்ணு பிறந்து இறந்திருக்கும்னு நாங்க நெனச்சோம். உங்களைத்தான் சொல்லியிருக்காரு."

அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, மிஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து, "காபி குடிக்கிறியா?" என்று கேட்டாராம். போங்க வாங்க என்பது போய், நீ என்று வந்தது அப்போதுதான்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு முன்பு அம்மாவே தன்னை அழைத்துப் போகச் சொன்னார். அந்த வீட்டுப் படியில் கால் வைத்ததும் அம்மா கும்பிட்டு, "என்னை மன்னிச்சுரும்மா" என்றார். பெரியக்கா, அன்றிலிருந்து நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், அம்மாவின் கும்பிட்ட கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். "சின்ன வயசுல உங்களை நெறையத் திட்டியிருக்கேன். இப்ப உங்க முகத்தைப் பாத்தா திட்ட வரலை. உள்ள வாங்க" என்றார். யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. பெரியக்கா வெண்பொங்கல் செய்து போட்டார். சாப்பிட்டோம்.

இரண்டு ஆண்டுகள் நன்றாகப் போயின. பிறகு அக்காவின் சிறுநீரகம் பழுதானது. மருத்துவமனையில் இருந்த நான்கு மாதமும் பெரியக்கா காலைத் தையலை முடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு பதினொரு மணிக்கு வந்துவிடுவார். அக்கா சாப்பிட மறுத்தால், "இதென்ன அடம்? வாயைத் தொற" என்று அதட்டுவார். வீட்டில் எங்கள் எல்லோரையும் அதட்டியே பழகிய அக்கா, சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறப்பார். கஞ்சியில் உப்பு இல்லை என்று முறையிடுவார், தலையைப் பின்னிவிடச் சொல்வார், நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க என்று கெஞ்சுவார். தம் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் அவர். ஒருநாள் என்னிடம், "தங்கச்சியா இருக்கறது எவ்வளவு சொகமா இருக்குடா. உனக்கு இது இத்தனை வருஷமாத் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார். கடைசி நாளன்று அவர் தலை பெரியக்காவின் மடியில்தான் இருந்தது. அப்போது அக்காவுக்கு நாற்பது வயது.

பழைய புத்தகங்களைச் சலிக்காமல் புரட்டிய உபதேசியாருக்கும், லத்தீனைப் படித்துச் சொன்ன பங்குச்சாமியாருக்கும், கணவருக்குத் தெரியாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்துவந்த திருவெள்ளறைப் பெரியம்மாவுக்கும், முறுக்கு மாவுக் கையோடு வழிசொன்ன மணப்பாறை அம்மாளுக்கும், தம் ஷிஃப்டுகளை மாற்றிக்கொண்டு அக்காவுக்கு லீவு கிடைக்கச் செய்த தோழியருக்கும், மருத்துவர்களுக்கும், டீச்சர் குடும்பத்துக்கும், இரத்தம் கொடுத்த என் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

பெரியக்காவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஆகையால் அடக்கத்தன்று நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில், நெற்றியில் குங்குமத்தோடு அவர் கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்றிருந்தார். சாமியார் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்து முடித்து, வீட்டார் முதலில் மண் போடலாம் என்றார். நான் குனியப் போனேன். அம்மா என் கையைத் தடுத்துவிட்டுத் திரும்பி, அவரைப் பார்த்துக் கையசைத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மாவின் தூரத்து உறவினர் ஒருவர், "நீங்க யாருன்னு தெரியலையே?" என்று மெல்லக் கேட்டார்.

பெரியக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார்.

"நான் மூத்தவ. இவ எனக்கு அடுத்தவ" என்றார்.