நத்தைக்கார யாமினாவின் ஊக்குகள்

இப்போது எங்கள் சந்துப் பெண்கள் முக்காட்டில் ஊக்குக்குப் பதில் காந்தம் வைக்கிறார்கள். டக்கென்று ஒட்டிக்கொள்கிறதாம், துணியில் ஓட்டை விழுவதில்லையாம். ஒட்டிக்கொள்ளட்டும். காந்தத்தை வைத்து ஓட்டுக்குள் இருக்கும் நத்தையை இழுக்க முடியுமா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

மெக்னெஸ் நகரத்தில் எங்கள் சந்து முனையில் யாமினா நத்தை வண்டி போட்டிருந்த காலத்தில், ஊக்கு என்றால் யாமினாதான். சோம்பும் அதிமதுரமும் போட்டுக் கொதிக்கும் குண்டானிலிருந்து நத்தையை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, ஓர் ஊக்கை விரித்துக் கையில் தருவாள். குத்தி ஒரு சுழற்றுச் சுழற்றினால் முழுசாக வந்துவிடும். தின்றுவிட்டு ஊக்கோடு நழுவப் பார்க்கிறவனைச் சந்தே திரும்பிப் பார்க்கும்படி ஏசுவாள்.

"ஏம்ப்பா, பேண்ட் அவுந்து விழுதா உனக்கு? ஊக்க வச்சிட்டுப் போ!"

நிஜமாகவே பேண்ட் அவிழ்கிறவனுக்கு அவளே கூப்பிட்டுக் கொடுப்பாள். அறுந்த செருப்பு, நாடா உருவிக்கொண்ட பாவாடை, காலில் ஏறிய முள், கண்ணேறு படாமலிருக்கப் பச்சைக் குழந்தையின் சட்டையில் மாட்டும் நீல மணி, எல்லாவற்றுக்கும் அவள் மார்பில் வரிசையாகக் குத்தியிருந்த ஊக்குகள்தான். என் பள்ளிப் பையின் வார் ஒரு வருஷம் முழுக்க அவள் ஊக்கில்தான் தொங்கியது. அவளைக் கட்டிப்பிடித்து அழ மட்டும் முடியாது, குத்தும்.

இருட்டிய பிறகு ஊசியையும் ஊக்கையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். ரொட்டியில் குத்திக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மறப்பதுதான். யாமினா மறந்ததே கிடையாது. பொழுது சாய்ந்ததும் ஊக்கு எல்லாம் ஒரு ரொட்டித் துண்டில் ஏறிவிடும், வேண்டியவர்கள் தாங்களே பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குக் காரணம் அவள் தோழி தாமு. இருவரும் அடுத்தடுத்த வீடு. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸை ஒரே தட்டில் தின்றவர்கள். தாமுவுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தபோது, விளக்கு வைத்த நேரத்தில், நீல மணியை மாட்ட யாமினாதான் தன் மார்பிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தாளாம். என் அம்மா சொன்னது. அந்தக் குளிர்காலத்துக் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. தாமு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றோடு அந்தப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டாள். பிறகு பிறந்த மகள் இல்ஹாம் வளர்ந்து, என்னோடு திருட்டுத்தனமாக நத்தை தின்றதும், யாமினா அவளுக்கு மட்டும் கிண்ணம் வழிய ஊற்றியதும் தாமுவுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாளோ என்னவோ.

அந்த இல்ஹாமுக்குக் கல்யாணம். சந்தில் யாமினாவுக்கு மட்டும் அழைப்பில்லை. 

மாலைத் தொழுகை முடிந்து மேளக்காரர்கள் வாசலில் அடித்துத் தீர்க்கிறார்கள். உள்ளே அலங்காரக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஊக்குப் பெட்டியை முந்தின கல்யாண வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்! வாடகைக் கஃப்தான் அங்கி யானைக்குத் தைத்தது, இல்ஹாமோ குச்சி. தோளில் நிறுத்தினால் இடுப்பில் சரிகிறது, இடுப்பைப் பிடித்தால் தோள் இறங்குகிறது. கடைகள் மூடியாகிவிட்டன.

"இப்படியேவா பல்லக்குல ஏறுறது? மாப்ள வீட்டு ஆளுங்க முன்னாடி அவுந்து விழுந்தா என்னடி பண்றது?" என்று அழுதாள் இல்ஹாம்.

நான் யாரையும் கேட்கவில்லை. ஓடினேன்.

யாமினா விஷயத்தைக் கேட்டதும் கிண்ணங்களிலும் ரொட்டித் துண்டிலும் இருந்த ஊக்குகளையெல்லாம் வாரி வெந்நீரில் அலசினாள். ஒரு முழு ரொட்டியில் முள்ளம்பன்றி மாதிரி குத்தி என்னிடம் நீட்டினாள்.

"நீயே கொண்டுபோடி. நான் வந்தா தாமுவுக்கு ஆகாது."

"உங்க ரொட்டிய நீங்களே தூக்குங்கத்தே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது தாமு. ரொட்டியைப் பார்த்தாள். யாமினாவைப் பார்த்தாள். யாமினா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"எல்லாம் கழுவினதுதான், தாமு. ரொட்டியிலதான் இருக்கு. நான் கையால குடுக்கல. எடுத்துக்கோ."

 தாமு ரொட்டியை வாங்கி என்னிடம் தந்து, "உள்ள கொண்டுபோய்க் குடு" என்றாள். நான் நகரவில்லை. எப்படி நகர்வேன்?

தாமு மருதாணி போட்ட உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒண்ணு கையில குடு."

"வேணாம் தாமு. இருட்டிருச்சு."

"அன்னைக்கும் இருட்டிருச்சு. ரொட்டி கொண்டாரேன்னுதான் நீ சொன்ன. பிள்ள அழுவுது, சும்மா குடுன்னு கை நீட்டுனது நான். நாந்தான் யாமினா. யார்கிட்டயும் சொல்லல."

யாமினா தன் முக்காட்டுக்காக மார்பில் மிச்சம் வைத்திருந்த ஒரே ஊக்கைத் தொட்டாள். தொட்டவள் கழற்றாமல் கையை எடுத்துவிட்டாள். தாமுவே கழற்றி, அதை யாமினாவின் விரல்களில் வைத்து, மறுபடி தன் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இல்ஹாம் அன்று சோம்பு வாசனையோடு பல்லக்கில் ஏறினாள். என்ன அத்தர் என்று மாமியார்க்காரி மூன்று பேரிடம் விசாரித்தாள். நத்தை ஊக்கு எல்லாம் மணப்பெண் உடம்பில்தான் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அவளிடம் போகவில்லை. அதைத் தாமு தன் நெஞ்சில் குத்திக்கொண்டு, யாமினாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.