சூட்டில் தொடக்கூடாத மருந்து

வெயில் ஏறத் தொடங்கினால் அத்தான் மருந்து அறையைப் பூட்டிவிடுவார். என் அக்காவின் கணவர்; தாயில்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான், மாத்திரை அப்புறம். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, முதலாளியே வாசலில் நிற்கிறார் என்றாலும் அத்தான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். "சூட்டுல மருந்தைத் தொடக் கூடாது" என்பது அவருடைய ஒரே வேதம். அக்கம்பக்கத்து ஆலைகளில் கூரை பறந்திருக்கிறது; அவருடைய ஷெட்டில் ஒருவருக்கும் விரல்கூடப் போனதில்லை.

அவருக்கு நுரையீரல்தான் போயிற்று. பொடியைச் சுவாசித்ததாலா என்று கேட்டால், இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலை ஆய்வுத் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற எனக்கு இந்த 'இருக்கலாம்' நன்றாகப் பழக்கமானது. எந்தக் கோப்பையும் நிம்மதியாகத் தூங்கவைக்கும் சொல் அது. மாற்று நுரையீரலுக்கான நடைமுறை முழுவதையும் படித்து, காப்பீடு, பதிவு என்று ஒவ்வொரு மேசையாகத் தட்டி எழுப்பினேன். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் நுரையீரலைச் சென்னையில் அவருக்குப் பொருத்தினார்கள். பையனின் பெயர், ஊர் சொல்ல மாட்டார்கள், விதி அப்படி.

உடம்புக்கு இந்த நாகரிகம் கிடையாது. எங்கள் ஊர் ஆமத்தூரில் புதிதாகக் குடிவந்தவனை விசாரிப்பதுபோல, வந்த உறுப்பை நீ எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று துருவும். வேற்றாள் என்று தெரிந்தால் வெள்ளணுக்கள் நேரே போய்த் தாக்கும்; அல்லது ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகி, அந்த நுரையீரலையே குறிவைத்து ஒட்டிக்கொண்டு அரிக்கும். இதை அடக்கத்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை, ஒருவேளைகூட விடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அத்தான் தலையாட்டினார். கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி எங்கள் ஊரில் கும்பிட வேண்டிய சாமி. கசாயக் கடையிலிருந்து பிஸ்கட் விளம்பரம்வரை அதைக் கூட்டத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதைக் குறைக்க ஒரு மாத்திரை என்பது அவருக்கு உள்ளே உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. வரும்போதெல்லாம், அது விடும்வரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். மூச்சு மறுபடி இரைக்கத் தொடங்கி, சென்னைக்குக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உடம்பு கொதிக்குது மாப்ள. சூட்டுல மருந்தைத் தொடலாமா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகியிருந்தது. ரத்தத்தைச் சலித்து அதை எடுத்தார்கள், மறுபடி ஊறியது. சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி ஒவ்வொன்றாக அடைபட்டன. மாத்திரையை விட்டதுதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் இது வருவதுண்டு, ஆனால் இவருக்கு வழி திறந்துவிட்டது அதுவாக இருக்கலாம் என்றார். பங்குனி வெயிலில் அத்தான் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மத்தியானம், அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் ரெண்டாந்தடவையும் செத்துட்டான்லே."

அவனுடைய அம்மாவுக்கு யாராவது தகவல் சொல்வார்களா என்று கேட்டாள். மாட்டார்கள், அதற்கு நடைமுறை கிடையாது என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஒரு தடவ அழுதது போதும்லே அவளுக்கு."